நாகவல்லி அக்கா அந்த இடத்தைச் சொல்லவில்லை

திருமயம் கோட்டைக்குக் கீழே வேனை நிழலில் போட்டுவிட்டு, மேலே ஏறிப் போன குடும்பம் இறங்கி வரட்டும் என்று சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன். போன் வந்தது. முத்துக்காளை அண்ணன். மணமேல்குடிக்குத் தெற்கே எங்கள் படகுக்கரையில் நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தலைவர். பத்து மாதமாக என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர்.

“டைவரு, ஒங்க அக்கா போயிருச்சுய்யா. நண்டுக் கொட்டகையில ஒக்காந்தமேனிக்கே சாஞ்சிருச்சு. மணமேல்குடிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். வழியிலயே முடிஞ்சு போச்சு.”

“எப்பண்ணே?”

“காலையில. நாளைக்கு எடுக்குறோம். வந்துரு.”

வைத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் ‘நம்ம அக்கா’ என்றுதான் அந்த மனுஷன் வாயில் வந்திருக்கும். அக்கா செத்துப்போன செய்தியிலும் அவரை என் பக்கம் தள்ளிவைத்துச் சொன்னார். தள்ளிவைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எடுப்புக்குக் கரையே வந்திருந்தது. அன்று ஒரு வல்லமும் கடலுக்குப் போகவில்லை. மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “நல்ல பொம்பளதான்ப்பா. அந்த எடத்த மட்டும் காட்டிக் குடுக்காம இருந்திருக்கலாம்.” மற்றவர் தலையை ஆட்டினார். கையில் மாலையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். நாகவல்லி அக்கா அந்த இடத்தை யாருக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. வரிசையாக வருகிறேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கடலுக்கடியில் படம் எடுக்க வருகிறவர்களுக்காக நான் ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறேன். அதில் செய்தியைப் போட்டேன். கும்பிடு போட்ட கைகள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர் எழுதினார்: “ரொம்ப வருத்தமா இருக்கு. மே மாசத்துக்குத் தேதி இனி யார் சொல்லுவாங்க?” இரண்டும் ஒரே செய்தியில். ஒரு முற்றுப்புள்ளி இடைவெளியில் துக்கத்தை முடித்துக்கொண்டார். அவருடைய பெயரை எழுதி இந்தத் தாளைக் கெடுக்க விரும்பவில்லை. கேமரா சார் என்றே வைத்துக்கொள்வோம்.

அக்காவைத் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம். அவருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. கரையில் தகரக் கொட்டகை போட்டு, நாட்டுப்படகுக்காரர்களிடம் நீலக்கால் நண்டு வாங்கி, ஐஸ் வைத்து, கம்பெனி வண்டிக்கு ஏற்றிவிடுவதுதான் தொழில். ஆனால் எங்கெங்கிருந்தோ பெரிய பெரிய கேமராவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், எங்கள் கடலில் என்றைக்கு இறங்கலாம், என்றைக்கு இறங்கக் கூடாது என்பதை அந்தக் கொட்டகையில்தான் கேட்டுக்கொண்டு போனார்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் ஆரோக்கியசாமி. ஊர் ஆவூர்ப் பக்கம். கடலுக்கும் எனக்கும் ஞானஸ்நானத் தண்ணீர் அளவுக்குத்தான் உறவு. பத்தாவது பாஸ். பன்னிரண்டாவதில் கணக்குப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் ஒரே மார்க் வாங்கிய உறுதியான மாணவன். வேன் ஓட்டுகிறேன். நான் டிரைவர், என் வண்டியில் வருகிறவர்கள் டைவர். கரையில் எல்லோருக்கும் எல்லோரும் டைவருதான். இதை என் மகள் ஜெனிட்டாதான் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அக்காவை முதலில் பார்த்ததே ஒரு அவமானத்தில்தான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால், பெங்களூர்க்காரர்கள் நாலு பேரைத் திருச்சியில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் கொண்டுபோய் இறக்கினேன். கடல்புல் நடுவே கடல்குதிரை படம் எடுக்க வந்தவர்கள். முதுகில் காற்றுக் குப்பி, காலில் வாத்துக்கால், பெரிய ஏற்பாடு. படகில் போய் இறங்கியவர்கள் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். “கூழுக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு. என் கையே எனக்குத் தெரியல” என்றார் ஒருவர். நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். கடலைக் கலக்கியதே நான்தான் என்பது போல ஒரு பார்வை.

கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏப்பா டைவரு, யாரு ஒனக்கு ஞாயித்துக்கெழம வரச் சொன்னது?”

“லீவு நாளுங்கக்கா.”

“யாருக்கு லீவு? நேத்து சனிக்கெழம, விசைப்படகு போன நாளு. அம்புட்டு மடியும் அடியில கெடந்து ஒழுதுட்டு வந்திருக்கு. ஒழுத வயல்ல மறுநாளே தண்ணி தெளியுமா? ஆளப் பாத்தா வெவசாயக் குடும்பம் மாதிரி இருக்க, இதுகூடத் தெரியாதா?”

எங்கள் கடலில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. சண்டை வரக் கூடாது என்று பேசி வைத்த முறை. விசைப்படகின் மடிவலை அடியோடு இழுபடும். சேறு கிளம்பும். அது அடங்க ஒரு நாள், தெளிய ஒரு நாள். வாரத்தில் அப்படிச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைப்பது வியாழனும் வெள்ளியும் மட்டும்தான். “வெள்ளிக்கெழம வெயில் ஏறுறதுக்குள்ள எறக்கிரு. வெள்ளிக்கெழமத் தண்ணிதான் தண்ணி” என்றார் அக்கா. மறு வெள்ளிக்கிழமை அதே நாலு பேரும் அதே இடத்தில் இறங்கி, கடல்குதிரையோடு கரையேறினார்கள். கேமராவில்தான். அன்றிலிருந்து அக்கா சொல்லாமல் கடலில் இறங்க நான் யாரையும் திருச்சியில் ஏற்றியதில்லை.

வெள்ளிக்கிழமை என்பது பாலபாடம். அதற்கு மேலும் இருந்தது. காலையில் நண்டு வலை கரைக்கு வந்ததும், நண்டை எடைபோடும் முன்னால் வலையில் ஒட்டி வந்த கடல்புல்லைப் பார்ப்பார். அக்கா வாயில் அது பாசி. “பாசி எல வெட்டுப்பட்டு வந்தா மடி இழுத்திருக்கான்னு அர்த்தம். வேரோட வந்தா நீரோட்டம் முரடா இருக்கு. எல பழுத்து, தானா உதுந்து வந்தா அடி அமைதியா இருக்கு. அப்ப எறங்கலாம்.” நண்டின் காலிடுக்கில் ஒட்டியிருக்கும் சேற்றை விரலால் தேய்த்துப் பார்ப்பார். அப்புறம் வலைக்காரரிடம் நாலு கேள்வி. எங்கே போட்டீங்க, எத்தனை பாகம் ஆழம், அடி தெரிஞ்சுதா, எந்தப் பக்கம் இழுத்துச்சு. பதினோரு மணிக்கு எனக்குப் போன் வரும். “ஏத்திக்கிட்டு வா” அல்லது “வேணாம்”. இரண்டில் ஒன்று. வணக்கம் கூட இருக்காது.

ஒரு தம்பதி வந்தார்கள், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அக்கா வேணாம் என்று சொல்லியும் சொந்தக் காரில் வந்துவிட்டார்கள். “டிக்கெட் எல்லாம் போட்டாச்சுங்க. திங்கக்கிழமை அந்தமான் போறோம். இன்னிக்கு விட்டா முடியாது” என்றார் கணவர்.

“அந்த டிக்கெட்டக் கடலுட்டக் காட்டுங்க. பாத்துட்டு வழி விட்டுச்சுன்னா எறங்குங்க.”

அவருக்குக் கோபம். வேறு படகு பிடித்துப் போய் இறங்கினார். கலக்குத் தண்ணீரில் லைட்டை அடித்தால் மிதக்கிற சேறெல்லாம் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். எடுத்த படம் எல்லாம் மார்கழிப் பனி. அந்த அம்மா மட்டும் கரையிலேயே உட்கார்ந்து அக்காவோடு வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். வலையில் ஒரு கடல்குதிரை சிக்கியிருந்தது. அதை வாளித் தண்ணீரில் விட்டு, திரும்பக் கடலில் சேர்ப்பதற்குள் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கணவர் கரையேறியதும் அக்கா கேட்டார்: “சார், ஒங்க கேமரா எம்புட்டு எடை இருக்கும்? சும்மாதான் கேக்குறேன். தூக்கிட்டுப் போன கஷ்டத்துக்கு.” அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வாளி கவிழ்ந்துவிட்டது.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த மனுஷியைத்தான் கடைசிப் பத்து மாதம் பேச ஆளில்லாமல் உட்கார வைத்தோம்.

எங்கள் கடலில் கடல்பசு இருக்கிறது. ஆவுளியா என்பார்கள். கடல்புல் மேய்கிற சாதுப் பிராணி. மீன் மாதிரி இல்லை, சில நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. அங்கே தாயும் குட்டியுமாக மேய்வதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைகாசியில் நாட்டுப்படகுக்காரர்கள் பார்த்தார்கள். வைகாசி என்றால் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகாது. தண்ணீர் கண்ணாடி. வருஷத்திலேயே படம் எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. நாட்டுப்படகுக்கும் அதைவிட நல்ல நண்டுப்பாடு கிடையாது.

அக்கா கரைக் கூட்டத்தில் போய் நின்றார். வளர்பிறை அட்டமியை ஒட்டி நீரோட்டம் குறைகிற பத்து நாள், குட்டி தாயோடு அங்கேயே கிடக்கும், அந்தப் புல்வெளியில் மட்டும் நண்டு வலை போடாதீர்கள் என்று கேட்டார். முத்துக்காளை அண்ணன் விடவில்லை.

“நாங்க எடத்த விட்டா ஒன் கேமராக்காரனுக வந்து எறங்குவானுக. அவன் படம் எடுக்க நாங்க வலைய எடுக்கணுமா?”

“ஒரு கேமரா போவாதுண்ணே.”

“எப்புடிச் சொல்ற?”

“நான் தேதி சொல்லாம எவன் வருவான்? என் வாக்கு.”

அந்த வாக்கை நம்பி இடத்தை விட்டார்கள். முதல் வருஷம் பத்து நாளும் அங்கே ஒரு வலை விழவில்லை, ஒரு கேமரா இறங்கவில்லை. வருஷத்தின் ஆக நல்ல தண்ணீரில் அக்கா எல்லோருக்கும் வேணாம் என்றார். எனக்கே பொறுக்காமல் ஒரு தடவை கேட்டேன், தூரமா நின்னு ஒரே ஒரு ஆளு எடுத்தா என்னக்கா என்று. “கண்ணாடித் தண்ணியில நாமதான் அதப் பாக்குறோம்னு நெனைக்கிற. அதும் நம்மளப் பாக்குதுல்ல. புள்ளைக்குப் பால் குடுக்குறவ வீட்டுக்குள்ள எட்டிப் பாப்பியா நீ?” என்றார். 

போன வருஷம் அதே வைகாசி. கேமரா சார் திருச்சியில் என் வண்டியில் ஏறினார். கடல்பசு படம் வேண்டும் என்று மூன்று மாதமாக அக்காவுக்குப் போன் போட்டவர். அக்கா ஆனிப் பிறப்புக்கு அப்புறம் வாங்க என்று சொல்லியிருந்தார். சும்மா கரையோரம் பறவை எடுக்கிறேன் என்று முன்னதாகவே வந்துவிட்டார். புதுக்கோட்டையில் ஜெனிட்டா ஏறிக்கொண்டாள். அறந்தாங்கியில் அவள் அத்தை வீடு. காலேஜ் சேர்ந்த புதிது. இந்த வயதுப் பிள்ளை முன்னால் அப்பன்மாருக்கு ஒரு நோய் வரும். வாய் நோய்.

“அண்ணே, நீங்க இத்தனை வருஷமா வர்றீங்க, ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்றீங்களே” என்று ஆரம்பித்தார் சார். “அது சரி, மூளை எல்லாம் அந்தம்மாவோடது. நீங்க வண்டி ஓட்டுறீங்க. அவ்வளவுதானே?”

பின் சீட்டிலிருந்து ஜெனிட்டா சிரித்தாள். “அப்பாவுக்கு ரிவர்ஸே ஒழுங்கா வராது சார்.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, “யாரு, எனக்கா தெரியாது?” என்றேன். அப்புறம் நிறுத்தவில்லை. பத்து நாள் ஏற்பாடு, அட்டமிக் கணக்கு, எந்த நேரத்தில் மேலே வரும், கரையில் எந்தக் கோபுரமும் எந்தத் தென்னந்தோப்பும் நேர் கோட்டில் தெரிந்தால் அதுதான் இடம் என்று எல்லாம். அறந்தாங்கி வருவதற்குள் அக்காவின் வாக்கை வண்டியிலேயே காலி செய்துவிட்டேன். சார் போனில் எதையோ குறித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குத்தான் ஏதோ எழுதுகிறார் போல என்று நினைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

மறுநாள் இல்லை, அதற்கு மறுநாள் காலை அக்காவின் போன். “வாடா இங்கிட்டு.” அதுவரை என்னை வாடா என்று சொன்னதில்லை. அடித்துப் பிடித்துப் போனேன். கரையில் ஆட்கள் வரிசையாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு படகுத்துறையிலிருந்து கேமரா சார் பிடித்து வந்த மூன்று படகு. புல்வெளிக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. மேலே ஒரு டிரோன் ஈ மாதிரி ரீங்காரம். தாய் மேலே வந்தால் அந்தப் பக்கம் ஒரு படகு, அமிழ்ந்து வேறு பக்கம் வந்தால் அங்கேயும் ஒரு படகு. இரண்டு மணி நேரம். அவர் கையில் ஏதோ அனுமதிக் கடிதம் இருந்ததாம். குட்டியைச் சுற்றி வளைக்கலாம் என்று அதில் எழுதியிருக்காது. முத்துக்காளை அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வலைய ஏத்துங்கப்பா” என்றார். வாக்கு உடைந்த இடத்தில் வலை விழுந்தது.

நாலாம் நாள் ஒரு குட்டி வலையில் செத்து வந்தது. அதே குட்டிதானா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. எனக்குச் சந்தேகமில்லை. வலை முத்துக்காளை அண்ணனுடையது. தன் துண்டை அதன் மேல் போர்த்திக் கொண்டுவந்தார். வனத்துறைக்கு அவரே சொல்லி அனுப்பினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை. சாயங்காலம் கூட்டம் கூடியது. “யாரு சொன்னது அவனுக்கு?” என்று கேட்டார்.

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அறந்தாங்கி வரை நிற்காமல் ஓடிய அதே வாய்தான்.

“நாந்தான் சொன்னேன்” என்றார் அக்கா. “பேச்சுவாக்குல சொல்லிட்டேன். தப்புத்தான்.”

கூட்டம் கலைந்த பிறகு கொட்டகைக்குள் போனேன். ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“நீதானே?”

“ஆமாக்கா.”

“தெரியும். தோப்பு கோபுரம் கணக்கு நான் ஒனக்கு மட்டுந்தான் சொன்னேன்.”

“ஏங்க்கா நீங்க ஏத்துக்கிட்டீங்க?”

“ஒன்னயச் சொன்னா ஒன் வண்டிய இந்தக் கரையில நிக்க விட மாட்டாங்க. ஒம்புள்ள இப்பத்தான் காலேஜு போவுது. நான் இந்த ஊருக்காரி. என்னயத் திட்டத்தான் முடியும், தொரத்த முடியாது.” பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “சொல்லணும்னு ஒனக்குத் தோணுச்சுன்னா சொல்லு. ஆனா அதுக்கும் ஒரு நாள் பாத்துக்கிட்டுக் கெடக்காத.”

நான் நாள் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன். கோபம் ஆறட்டும் என்று ஒரு மாதம். ஆடி வரட்டும் என்று ஒரு மாதம். வாடைக் காற்று முடியட்டும், பொங்கல் கழியட்டும். கடலுக்குத்தான் காலம் பார்க்க வேண்டும். உண்மையைச் சொல்வதற்கும் பார்த்த ஒரே மடையன் நான்.

துரத்த முடியாது என்று அக்கா சொன்னது சரி. நண்டு கொண்டுவந்து கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. கூடையை இறக்கி வைப்பார்கள், எடை போட்டதும் போய்விடுவார்கள். முன்னெல்லாம் டீயைக் குடித்துக்கொண்டு அரை மணி நேரம் கதை பேசுவார்கள். “தண்ணி எப்புடிண்ணே இருக்கு?” என்று அக்கா கேட்பார். “தண்ணி தண்ணியாத்தான் இருக்கு” என்று பதில் வரும். வலையைக் கரையில் உதறாமல் அப்படியே சுருட்டிக் கொண்டு போனார்கள். அந்த வருஷம் அக்கா சொன்ன இரண்டு தேதி தவறிப் போனது. குரூப்பில் ஒருவர், அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று எழுதினார். வயது ஐம்பத்து மூன்று. “நான் தண்ணியப் பாத்ததே இல்லப்பா” என்றார் அக்கா என்னிடம். “அவங்க வாயத்தான் பாத்தேன். அது மூடிக்கிச்சு.”

அந்த நேரத்தில் ஜெனிட்டா ஒரு நாள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஏதோ கண்காட்சியில் கேமரா சாரின் படம் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. தாயும் குட்டியும். படம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். கீழே எழுதியிருந்ததை மகள் வாசித்தாள். ஆளரவமற்ற கடலில் பல நாள் பொறுமையாகக் காத்திருந்து எடுத்த படமாம். ஆளரவமற்ற கடல்! ஒரு ஊரே தன் நண்டுப்பாட்டை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நின்ற இடம் அது. பல நாள் பொறுமை! இரண்டு நாள், மூன்று படகு, ஒரு டிரோன், ஒரு மடையன். அதற்கும் கீழே, மீனவர் வலைகளால் இந்த உயிரினம் அழிந்து வருகிறது என்று கவலை வேறு. வலை எப்போது எடுக்கப்பட்டது, எதனால் திரும்ப விழுந்தது என்று அந்தக் கவலைக்குத் தெரியாது. குட்டி செத்த சேதி அவருக்குத் தெரியும், நானே போனில் சொன்னேன். “அய்யோ, நல்லவேளை அதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். வைத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்பதில்தான் எனக்கு என் மேல் கோபம்.

ஜெனிட்டா கேட்டாள், “அப்பா, அன்னிக்கு வண்டில நீங்கதானே சொன்னீங்க?” ஆமாம் என்றேன். நான் சிரிக்காம இருந்திருக்கணும் என்று அழுதாள். சிரிப்பதற்குப் பிள்ளைக்கு உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்ல ஊரான் வாக்கை எடுத்துச் செலவழிக்க அப்பனுக்கு உரிமை இல்லை. அவளிடம் அப்படிச் சொல்லியிருக்கலாம். “அழுவாதடி” என்று மட்டும் சொன்னேன்.

அக்கா இறந்து பத்தாம் நாள் கேமரா சார் நேராகவே கூப்பிட்டார். “அண்ணே, இந்த வருஷமும் அந்தப் பத்து நாள் உண்டுதானே? அந்தம்மாதான் இல்லையே, நீங்களே தேதி சொல்லிடுங்க. இப்ப நீங்கதான் எக்ஸ்பர்ட்.”

போன வருஷம் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் குளிர்ந்திருப்பேன். “சார், நான் வண்டி ஓட்டுறவன். அவ்வளவுதான்” என்றேன். அதற்கு மேல் சொன்னதை ஜெனிட்டா அடிக்க மறுத்துவிட்டாள். பிழை திருத்தினால்கூட அச்சில் வராதாம்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்து ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். முத்துக்காளை அண்ணன் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஆவூரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது. நல்லதாகப் போயிற்று.

“அண்ணே, அந்த எடத்தச் சொன்னது அக்கா இல்ல. நான். என் வண்டிலயே வச்சுச் சொன்னேன். எம்மகளுக்கு முன்னால பெரிய ஆளாத் தெரியணும்னு சொன்னேன். கூட்டத்துல நீங்க கேட்டப்ப நான் அங்கதான் நின்னேன்.”

 யாராவது எழுந்து அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முத்துக்காளை அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அது உசுரோட இருக்கையில சொல்லிருக்கலாமேடா” என்றார். “ஒரு வார்த்த நாங்க அதுட்டப் பேசிருப்போம்ல. பத்து மாசம்டா. எதிர்க்க எதிர்க்க ஒக்காந்துக்கிட்டு.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், என் வண்டி இனிமேல் இந்தக் கரையில் நிற்கக் கூடாது என்றார். சரிண்ணே என்றேன். வைகாசியில் அந்த இடத்தில் வலை விழுமா விழாதா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, அது அவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டியது. குரூப்பை அன்று மாலையே கலைத்துவிட்டேன். இப்போது கந்தர்வக்கோட்டைக்கும் புதுக்கோட்டைக்கும் கல்யாண ஓட்டம் ஓட்டுகிறேன்.

இப்படி எழுதுகிறவர்கள், மறைந்தவரிடமிருந்து தாங்கள் எதை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று கடைசியில் சொல்வார்கள். அன்பு, அறிவுரை, சிரிப்பு என்று. அதெல்லாம் என்னிடமும் இருக்கிறது. ஆனால் அது கரையில் அவரைத் தெரிந்த எல்லோரிடமும் இருக்கிறது. நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: என் பெயருக்கு வர வேண்டிய, பத்து மாதம் அக்கா தன் பெயரில் வாங்கிக்கொண்ட திட்டு. அது என்னுடையது. திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டேன். அவரைத் தெரிந்தவர்களே, படம் எடுக்க வந்து போனவர்களே, கரையில் இன்னும் இந்தப் பேச்சு வராத வீட்டுக்காரர்களே, அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது யார் என்று எங்காவது பேச்சு வந்தால் ஆரோக்கியசாமி என்று சொல்லுங்கள். ஆவூர்ப் பக்கம், வேன் ஓட்டுகிறவன். நாகவல்லி என்று சொல்லாதீர்கள்.